ஆடிக் கடனும் தை வரவும்

குடியானவர் வீட்டில் வரவு ஆண்டுக்கு ஓரிரு முறையே வருகிறது; செலவோ நாள்தோறும் வருகிறது. மாதச் சம்பளக்காரருக்குக் கூறும் சிக்கன முறைகள் நமக்குப் பொருந்தாமற் போவதற்கு இதுவே காரணம். தை, மாசியில் சம்பா நெல் விற்ற பணம் கையில் புரளுகிறது. ஆனியில் பள்ளிக்கூடச் செலவும், ஆடியில் விதை, உழவுச் செலவும் வரும்பொழுது பெட்டி காலியாக இருக்கிறது. இந்த இடைக்காலத்திலேதான் கடன் வீட்டிற்குள் நுழைகிறது.

அக்கடனின் விலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆடியில் ஒருவர் 20,000 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் அது மாதம் நூற்றுக்கு மூன்று. ஆண்டுக்கு நூற்றுக்கு 36. முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு கொடுக்கும் வழக்கமும் உண்டு. அப்பொழுது பத்திரத்தில் எழுதுவது 20,000. கையில் பெறுவது 19,400. தை பிறக்கும் வரை ஆறு மாதத்திற்கு வட்டி மட்டும் 3,600 ரூபாய். நாள்தோறும் 20 ரூபாய்க்குத் தேநீர் அருந்துபவருக்கும் ஆறு மாதத்தில் ஆகும் செலவு அவ்வளவுதான். தேநீர்க் கடையைக் குறை கூறும் பெரியோர் ஊரில் பலர் உண்டு. வட்டியைக் கணக்கிட்டுச் சொல்பவரைத்தான் காணோம்.

இழப்பு வட்டியோடு நிற்பதில்லை. கடன் கொடுத்தவர் களத்து மேட்டில் வந்து நிற்கும்பொழுது, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நம் முறை வரும் வரை காத்திருக்க இயலுமா? அவர் சொன்ன விலைக்கே நெல்லை அளந்துவிடுகிறோம்.

இதற்கு வழி நம் வீட்டு வழக்கத்திலேயே இருக்கிறது. எவ்வளவு முடை நேரிட்டாலும் விதை நெல்லில் நாம் கை வைப்பதில்லை. அதனைத் தனியே எடுத்து வைத்த பிறகே மிச்சத்தை உண்கிறோம், விற்கிறோம். பணத்திலும் அவ்வாறே செய்யலாம். சென்ற ஆண்டு ஆனி, ஆடியில் என்னென்ன செலவாயிற்று என்பதை வீட்டுப் பெண்களோடு அமர்ந்து ஒரு நோட்டில் எழுதிப் பார்க்க வேண்டும். அவர்களுக்கே அது நன்கு நினைவிருக்கும். அத்தொகையை, நெல் விற்ற பணம் வந்தவுடனேயே அஞ்சலகத்திலோ வங்கியிலோ தனிக் கணக்கில் போட்டுவிடலாம். முழுவதும் இயலாவிடில் பாதியேனும் போடலாம். 10,000 ரூபாய் கடன் குறைந்தால் 1,800 ரூபாய் வட்டி குறையும். அன்றாடச் செலவைப் பால் பணத்தையும் கோழி வரவையும் கொண்டு சரிக்கட்டப் பழகுவது நலம். திருமணச் செலவு இக்கணக்கில் அடங்குவதன்று. அதைத் தனியேதான் பேச வேண்டும்.

அதன் பிறகும் பயிருக்குக் கடன் வேண்டியிருந்தால் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. இந்தியாவின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-ஆம் ஆண்டில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரிலேதான் பதிவாயிற்று. தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணைக்குள் செலுத்துவோருக்கு வட்டி இல்லை. தவணை தவறினால் அச்சலுகை போய்விடும். இவ்வளவு இருந்தும், சிட்டாவும் அடங்கலும் உரிய நேரத்தில் கையில் இல்லாமையால் வட்டிக்காரரிடம் செல்வோரைக் காண்கிறோம்.

இங்கே ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. மே 1-ஆம் நாள் கூடும் கிராம சபைக்குச் சங்கச் செயலாளரை அழைத்து, கடனுக்கு வேண்டிய ஆவணங்கள் எவை, எந்நாளில் மனுக் கொடுக்க வேண்டும் என்பவற்றைக் கேட்டு ஊராட்சிப் பலகையில் எழுதி வைக்கலாம். ஆடி பிறக்க அப்பொழுது இரண்டரை மாதம் இருக்கும்.