"கழுத்துல நெறி கட்டியிருக்கு, சார்!"

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய உயர்நிலைப் பள்ளியில், காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்த நேரம். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனுடைய அம்மா வந்து நின்றார். "கழுத்துல ரெண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கு சார். ராத்திரியெல்லாம் காய்ச்சல். எச்சில் முழுங்க முடியலங்கறான்."

அறிவியல் ஆசிரியர் என்றால் பாதி வைத்தியர் என்பது அந்த ஊர் வழக்கம். நானும் அதை மறுத்ததில்லை. "டான்சில் வீங்கியிருக்கும்மா. மருந்துக் கடையில தொண்டைக்குன்னு சொல்லி அஞ்சு நாளைக்கு மாத்திரை வாங்கிக் குடுங்க, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

ஐந்தாம் நாள் அவனுக்கு உடம்பெல்லாம் சிவந்த தடிப்புகள். பாட்டி பார்த்துவிட்டு அம்மை என்றார். வாசலில் வேப்பிலை செருகினார்கள். அம்மை என்றால் மருத்துவரிடம் போகக் கூடாது என்று அந்த வீட்டில் நம்பிக்கை. மேலும் ஒரு வாரம் போயிற்று. சாப்பாடு இறங்காமல் பையன் சுருண்டுவிட்ட பிறகுதான் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள்.

மருத்துவர் தொண்டையைப் பார்த்தார். கழுத்தின் முன்பக்கம், பின்பக்கம், அக்குள் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு இடது விலாவுக்குக் கீழே வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். இரத்தப் பரிசோதனையும் நடந்தது. அது அம்மை இல்லை. எப்ஸ்டீன்-பார் என்னும் வைரஸால் வரும் சுரப்பிக் காய்ச்சல். கடையில் கொடுத்தது அமாக்சிசிலின். இந்த வைரஸ் உடலில் இருக்கும்போது அந்த மாத்திரையைச் சாப்பிட்டால் பலருக்கு இப்படித் தடிப்பு வரும். "யாருங்க இந்த மாத்திரையக் குடுக்கச் சொன்னது?" என்று மருத்துவர் கேட்டபோது அந்த அம்மா என் பெயரைச் சொல்லவில்லை. பிறகு என்னிடம் அவரே சொன்னார், குறையாகக்கூட இல்லை.

அதற்குப் பிறகு நிணநீர் மண்டலப் பாடத்தை நான் நடத்தும் முறை மாறிவிட்டது.

முன்பெல்லாம் கரும்பலகையில் படம் வரைந்து, "நிணநீர் முடிச்சுகள் கிருமிகளை வடிகட்டுகின்றன" என்று எழுதிப் போடுவேன். இப்போது ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். "காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் வேறு எங்கே வலிக்கும்?" கிராமத்துப் பிள்ளைகள் யோசிக்காமல் சொல்வார்கள்: "தொடை இடுக்குல நெறி கட்டும் சார்." புண் பாதத்தில் இருக்க, வீக்கம் ஏன் தொடை இடுக்கில்? இந்தக் கேள்வியிலேயே பாடம் முழுவதும் இருக்கிறது. திசுக்களிலிருந்து கசியும் நிணநீர், நாளங்கள் வழியே இதயத்தை நோக்கித் திரும்புகிறது. வழியில் அது முடிச்சுகளைக் கடந்தாக வேண்டும். காலுக்குத் தொடை இடுக்கு, கைக்கு அக்குள், தொண்டைக்கும் பல்லுக்கும் கழுத்து. உடல் முழுவதும் சுமார் 600 முடிச்சுகள் இருக்கின்றன.

வடிகட்டி என்ற உவமை பாதி தூரம்தான் வரும். டீ வடிகட்டியில் தூள் சேர்ந்தாலும் வடிகட்டி வீங்குவதில்லை. முடிச்சு ஏன் வீங்குகிறது? அங்கே லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் கோடிக்கணக்கில் காத்திருக்கின்றன. உள்ளே வந்த வைரஸுக்குப் பொருத்தமான அணுக்கள் அவற்றில் மிகச் சில. அவை அடையாளம் கண்டவுடன் பிரிந்து பெருகுகின்றன. ஓர் அணு 12 மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டாகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடச் சொல்லுங்கள். ஐந்து நாளில் பத்து முறை பிரியும். ஒன்று 1,024 ஆகியிருக்கும். ஏழு நாளில் 16,384. காய்ச்சல் தொடங்கிய அன்றே குணமாகாமல் ஒரு வாரம் எடுப்பது ஏன் என்பது இந்தக் கணக்கில் பிள்ளைகளுக்கே புரிந்துவிடும். அடுக்குக்குறி நடத்தும் கணித ஆசிரியருக்கும் இது உதவும்.

தொண்டையின் இருபுறமும் தெரியும் டான்சில்களும் இதே வகைத் திசுதான். அடிநாச் சதை என்றும் சொல்வார்கள். "உள்நாக்கு வளர்ந்துவிட்டது" என்று வீடுகளில் சொல்லும்போது பெரும்பாலும் இதைத்தான் குறிக்கிறார்கள். உண்மையான உள்நாக்கு நடுவில் தொங்கும் சிறு சதை. மூக்குக்குப் பின்னால் அடினாய்டு, நாக்கின் அடியில் இன்னொரு திட்டு என எல்லாம் சேர்ந்து மூச்சும் உணவும் நுழையும் வாசலைச் சுற்றி ஒரு வளையமாக அமைந்திருக்கின்றன. 1884-இல் இதை விவரித்த ஜெர்மானிய உடற்கூறியலாளர் வால்டேயரின் பெயரிலேயே அந்த வளையம் அழைக்கப்படுகிறது. தொடக்கப் பள்ளி வயதில் இந்தத் திசு பெரிதாகவே இருக்கும், பிறகு சுருங்கும். எனவே இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு டான்சில் பெரிதாகத் தெரிவதாலேயே அது நோய் ஆகிவிடாது. ஆனால் எப்போதும் வாயைத் திறந்தே மூச்சு விடுகிற, இரவில் பலமாகக் குறட்டை விடுகிற, வகுப்பில் தூங்கி விழுகிற பிள்ளையைச் சோம்பேறி என்று எண்ணும் முன் அடினாய்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும் தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால்தான். அடினோ வைரஸ், சளிக்காய்ச்சல் வைரஸ்கள், இன்புளூயன்சா எனப் பல உண்டு. இவற்றோடு மூக்கொழுகல், இருமல், குரல் கம்முதல், கண் சிவத்தல் ஏதாவது சேர்ந்து வரும். இவற்றில் எதற்கும் ஆண்டிபயாடிக் பலன் தராது. அந்த மருந்துகள் தாக்குவது பாக்டீரியாவை. ஓய்வு, வெதுவெதுப்பான கஞ்சி, தண்ணீர், உப்புநீரில் கொப்பளித்தல், காய்ச்சலுக்கு வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவில் பாரசிட்டமால் போதும். வைரஸ் காய்ச்சலில் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிதான, கடுமையான நோய்க்கு அது வழிவிடலாம்.

அப்படியானால் தொண்டை வலி என்றாலே விட்டுவிடலாமா? கூடாது. மூக்கொழுகலும் இருமலும் இல்லாமல், திடீரென்று கடும் காய்ச்சலும் தொண்டை வலியும், தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கும் வீக்கமும் வந்தால் அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாக இருக்கலாம். அதைச் சரியாகக் கவனிக்காவிட்டால் சிலருக்குச் சில வாரங்களில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து இதய வால்வுகள் கெட்டுப்போகலாம். இந்த ஆபத்து அதிகம் இருப்பது 5 முதல் 15 வயதுக்குள், அதாவது நம் வகுப்பறை வயதில். இங்கே ஆண்டிபயாடிக் கட்டாயம் வேண்டும். நின்றுவிட்டதே என்று பாதியில் நிறுத்தவும் கூடாது. இரண்டையும் பிரித்தறிவது மருத்துவரின் வேலை. அவருக்கே சில நேரம் பரிசோதனை தேவைப்படும். நான் பள்ளி வாசலில் நின்று அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னேன்.

தொண்டையில் சாம்பல் நிறப் படலம், கழுத்து முழுக்க வீக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் தொண்டை அடைப்பானாக இருக்கலாம். தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டிடி தடுப்பூசி இதற்கும் சேர்த்துத்தான். "அது அடிபட்டால் போடும் ஊசிதானே" என்று கேட்கும் பெற்றோருக்கு இதைச் சொல்லலாம்.

காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் முடிச்சுகள் வீங்கி, லேசான காய்ச்சலோடு தடிப்பு வருவது ரூபெல்லாவின் தன்மை. பிள்ளைக்கு அது சில நாளில் சரியாகிவிடும். கருவுற்ற ஆசிரியைக்குத் தொற்றினால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் இதயம், கண், செவி பாதிக்கப்படலாம். 2017 பிப்ரவரியில் நம் பள்ளிகளிலேயே தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகள் பலருக்கு நினைவிருக்கும். அந்த ஊசியின் நோக்கங்களில் ஒன்று இதுதான். காதுக்குக் கீழே கன்னம் உப்புவது வேறு. அது பொன்னுக்கு வீங்கி. வீங்குவது உமிழ்நீர்ச் சுரப்பி, நிணநீர் முடிச்சு அல்ல. கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் தீங்கில்லை, குணமும் இல்லை. பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மீண்டும் அந்த மாணவனிடம் வருகிறேன். எப்ஸ்டீன்-பார் வைரஸ் 1964-இல் கண்டறியப்பட்டது. உகாண்டாவிலிருந்து வந்த ஒரு புற்றுநோய்க் கட்டியின் செல்களில் எப்ஸ்டீன், அச்சாங், பார் ஆகிய மூவர் அதைப் பார்த்தனர். அதுதான் சுரப்பிக் காய்ச்சலுக்கும் காரணம் என்பது பிலடெல்பியாவில் ஹென்லே தம்பதியின் ஆய்வகத்தில் தெரியவந்தது. அங்கே வேலை செய்த ஒரு பணியாளருக்கே அந்தக் காய்ச்சல் வந்து, அதுவரை அவர் இரத்தத்தில் இல்லாத எதிர்ப்பொருள் புதிதாகத் தோன்றியதைக் கவனித்தார்கள். இந்த வைரஸ் எச்சில் வழியே பரவும். நம் ஊரில் பெரும்பாலானோருக்குச் சிறு வயதிலேயே தொற்றி, தெரியாமலே போய்விடுகிறது. வளரிளம் பருவத்தில் முதன்முறையாகத் தொற்றினால்தான் இப்படிப் படுத்தி எடுக்கும். தண்ணீர் பாட்டிலில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கும் நம் பழைய பழக்கத்தை இதைச் சொல்லி நினைவூட்டலாம்.

அவன் பள்ளிக்குத் திரும்பியபோது குறுவட்டப் போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. கபடி அணியில் அவன்தான் முதல் ரைடர். காய்ச்சல் இல்லை, தடிப்பு இல்லை, அவனும் ஆடத் துடித்தான். உடற்கல்வி ஆசிரியரும் பெயர்ப் பட்டியலை எழுதிவிட்டார். மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்தது ஏன் என்பதை அப்போதுதான் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த நோயில் மண்ணீரலும் வீங்குகிறது. அதுவும் நிணநீர் மண்டலத்தின் உறுப்புதான். வீங்கிய மண்ணீரல் மீது அடி விழுந்தால் அது கிழிந்து உள்ளே இரத்தம் கொட்டலாம். அரிதாகவே நடக்கும், நடந்தால் உயிருக்கே ஆபத்து. குறைந்தது மூன்று வாரம், மருத்துவர் சரி என்று சொல்லும் வரை, இடித்து விளையாடும் எந்த ஆட்டமும் கூடாது. மருத்துவர் இதைச் சீட்டில் எழுதியிருந்தார். அந்தச் சீட்டு அவன் அம்மாவின் சுருக்குப் பையிலேயே இருந்தது. நாங்கள் யாரும் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை.

பெயரை நீக்கினோம். அவன் என்னோடு நான்கு நாள் பேசவில்லை. பல வாரங்கள் அவனுக்கு அசதியும் இருந்தது. மதிய வகுப்பில் தலை சாயும்போது எழுப்பாமல் விட்டேன். சக ஆசிரியர்களிடமும் சொல்லி வைத்தேன். அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்தது. அடுத்த ஆண்டு மீண்டும் ஆடினான்.

இந்தப் பாடத்தின்போது பிள்ளைகள் தங்கள் கழுத்தைத் தாங்களே மெல்லத் தொட்டுப் பார்க்கலாம். பட்டாணி அளவில் நழுவும் சிறு முடிச்சு ஆரோக்கியமான பிள்ளைக்கும் தென்படும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அன்று மாலை பத்து வீட்டில் பயம். ஒருவர் கழுத்தை மற்றவர் தொடுவது வேண்டாம்.

அப்படி நடத்திய ஒரு நாள், மணி அடித்த பிறகு ஒரு மாணவி தயங்கி நின்றாள். "எங்க தங்கச்சிக்குக் கழுத்துல கட்டி இருக்கு சார். மூணு மாசமா இருக்கு. வலிக்கலைன்னு அம்மா விட்டுட்டாங்க." காய்ச்சலோடு வந்து வலித்து, இரண்டு மூன்று வாரத்தில் வற்றுவது வைரஸ் வீக்கத்தின் வழக்கம். வலியில்லாமல், வற்றாமல், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வளர்வது காசநோயாக இருக்கலாம், மிக அரிதாகப் புற்றுநோயாகவும் இருக்கலாம். நம் முன்னோர் கண்டமாலை என்று பெயர் வைத்தது இப்படிப்பட்ட வீக்கத்துக்குத்தான். இந்த முறை நான் எந்த மருந்தும் சொல்லவில்லை. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவின் எண்ணை அவள் அம்மாவிடம் கொடுத்து, அந்த வாரமே நானும் உடன் போனேன். ஊசி வைத்து எடுத்த மாதிரியில் காசநோய் உறுதியானது. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். ஆறு மாதம், ஒரு நாளும் தவறாமல் அக்காதான் தங்கைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். கழுத்தில் இப்போது ஒரு சிறு தழும்பு மட்டும் இருக்கிறது.