பேரன் எந்தக் காற்றில் வளரட்டும்?

அன்புள்ள அம்மா,

ஹைதராபாத் மாரெட்பள்ளியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பாங்காக், ஹனோய், கோலாலம்பூர் என்று மூன்று ஊர்களைச் சொல்லி, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது மகனின் கம்பெனி. சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்து வயதுப் பேரனுக்கோ குளிர்காலம் வந்தாலே வீசிங். பாதி ராத்திரியில் நெபுலைசர். மற்றவர்கள் பள்ளிக்கூடம், வாடகை, சைவச் சாப்பாடு என்று பேசிக்கொண்டிருக்க, "அங்கே காற்று எப்படி?" என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். தயங்காமல் கேளுங்கள்.

நம் பெரியவர்கள் காற்றைப் பார்த்து இடம் தேடியவர்கள்தான். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தாம்பரத்தில் ஆரம்பித்த சானடோரியத்தின் பெயர் அங்குள்ள ரயில் நிலையத்தில் இன்றும் இருக்கிறது. உங்கள் ஊரிலோ, மிருகசிரா கார்த்தி அன்று ஆஸ்துமாவுக்குத் தரும் மீன் மருந்துக்காக நாம்பள்ளி எக்ஸிபிஷன் மைதானத்தில் வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாலே, மூச்சுத் திணறல் எத்தனை வீடுகளைப் படுத்துகிறது என்று தெரியும்.

"இங்கேயும் நூறு, அங்கேயும் நூறு" என்று மகன் செல்போனில் ஒரு எண்ணைக் காட்டியதாக எழுதியிருந்தீர்கள். அந்த எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். காற்றுத் தரக் குறியீட்டை ஒவ்வொரு நாடும் தன் கணக்கில் போடுகிறது. ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் நுண்துகள் இருந்தால் இந்தியக் கணக்கில் அது 100, 'திருப்திகரம்'. அதே காற்று அமெரிக்கக் கணக்கில் 150-ஐத் தாண்டி, உடலுக்குக் கேடு என்று சிவப்பில் வரும். பி.எம். 2.5 என்கிற அந்த நுண்துகளை மலேசியா தன் குறியீட்டில் சேர்த்ததே 2018-ல்தான். ஆகவே மைக்ரோகிராம் எவ்வளவு என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த வரம்பு ஆண்டுச் சராசரிக்கு 5, ஒரு நாளுக்கு 15. நம் நாட்டு வரம்பு ஆண்டுக்கு 40, நாளுக்கு 60. தலைமுடியின் பருமனில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான் இந்தத் துகள். மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் அடிவரை இறங்கிவிடும்.

வெளிநாடு போகிறவர்களுக்கு நல்ல துணையாக இருந்தவை அமெரிக்கத் தூதரகங்களின் அளவீடுகள். பெய்ஜிங்கில் 2008-ல் தொடங்கி, பிறகு ஹைதராபாத் உட்படப் பல ஊர்களில் ஒரே முறையில் அளந்து வெளியிட்டார்கள். 2025 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம்.

ஆண்டுச் சராசரியும் ஏமாற்றும். பதினோரு மாதம் நன்றாக இருந்து ஒரு மாதம் புகைந்தாலும் சராசரி பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். குழந்தைக்கு இழுப்பு வருவது அந்த ஒரு மாதத்தில். எந்த ஊரானாலும் அதன் மிக மோசமான மாதத்தைக் கேளுங்கள்.

பாங்காக்கில் அது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. காற்று அசையாது, வண்டிப் புகையோடு வயல்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் வைக்கும் தீயின் புகையும் தரையோடு தங்கிவிடும். 2025 ஜனவரியில் 350-க்கும் மேற்பட்ட பள்ளிகளை மூடி, ஒரு வாரம் பஸ்ஸும் மெட்ரோவும் இலவசமாக விட்டார்கள். ஹனோயிலும் குளிர்காலம்தான் கஷ்டம், அதுவும் நீண்ட குளிர்காலம். இந்தப் பையனுக்கு ஹனோய் வேண்டாம் என்பேன்.

நான் சொல்வது கோலாலம்பூர். ஆனால் அங்கே புகைமூட்டம் என்று ஒன்று உண்டு, அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். சுமத்ராவிலும் களிமந்தானிலும் மக்கிய இலைதழை பல மீட்டர் ஆழத்துக்குச் சேர்ந்து கிடக்கும் சதுப்பு நிலங்கள் இருக்கின்றன. செம்பனைக்காகவும் காகித மரத் தோட்டங்களுக்காகவும் கால்வாய் வெட்டி அங்கே தேங்கிய தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். காய்ந்த நிலத்தில் வைக்கும் தீ மண்ணுக்கு அடியில் வாரக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும்; மேலே தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. ஜூலை முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று அந்தப் புகையை மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் தள்ளிவிடும். 1997-ல் சரவாக்கில் குறியீடு 800-ஐத் தாண்டி அவசரநிலை வந்தது. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும், நம் மக்கள் தலைமுறைகளாக வாழும் வட்டாரத்திலேயே, அவசரநிலை அறிவித்தார்கள். 2015-லும் 2019-லும் பள்ளிகளை மூடினார்கள். இடையில் புகையே தெரியாத ஆண்டுகளும் உண்டு. 1997-ம் 2015-ம் அந்தப் பகுதியில் மழை குறையும் எல் நினோ ஆண்டுகள். எல் நினோ வருவதைச் சில மாதங்கள் முன்பே சொல்லிவிடுகிறார்கள் என்பதால் தயாராக இருக்க முடியும். ஆண்டுதோறும் தவறாமல் வரும் குளிர்காலத் தூசியைவிட, சில ஆண்டுகளில் சில வாரங்கள் வந்து போகும் புகையைச் சமாளிப்பது குழந்தைக்கு எளிது என்பது என் எண்ணம். பையனைப் பார்க்கும் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எந்த இன்ஹேலர், எப்போது, எத்தனை முறை என்று எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீடு பார்க்கும்போது பெரிய சாலையிலிருந்து முந்நூறு மீட்டராவது தள்ளிப் பார்க்கட்டும். ஏ.சி. இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். சாதாரண ஸ்ப்ளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிவிடும், நுண்துகளை வடிகட்டாது. பையன் தூங்கும் அறைக்கு ஹெப்பா வடிகட்டி உள்ள கருவி ஒன்று வேண்டும். வகுப்பறையில் அது இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே பள்ளியில் கேட்க வேண்டும். கொசுவத்தி கூடவே கூடாது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்கு நுண்துகளை விடுகிறது என்று 2003-ல் ஓர் ஆய்வு கண்டது. வலை கட்டிக்கொள்ளலாம். இது மாரெட்பள்ளி வீட்டுக்கும் பொருந்தும். வெள்ளிக்கிழமை சாம்பிராணியைப் பேரன் இருக்கும்வரை நிறுத்தி வையுங்கள், சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

சங்கராந்திக்குப் பேரனை வருஷாவருஷம் வரவழைக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அம்மா. டிசம்பரும் ஜனவரியும்தான் ஹைதராபாத் காற்று கனத்துக் கிடக்கும் மாதங்கள். அப்போது நீங்கள் இருவரும் கோலாலம்பூர் போய் இருங்கள். அங்கே மழை பெய்து காற்றைக் கழுவி விட்டிருக்கும். பேரனை ஜூலையில் உங்கள் ஊருக்குக் கூப்பிடுங்கள். கோலாலம்பூரில் புகைக்காலம் தொடங்கும் நேரம் அது; உங்கள் ஊரில் மழை வந்து தூசி அடங்கியிருக்கும், செகந்தராபாத்தில் போனாலு திருவிழாவும் நடக்கும். டிக்கெட்டை இப்போதே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்