அறுபது நாள் பாடம்: சட்டம் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு



போன மாதம் பந்திங்கில் நம் இளைஞர் வகுப்பு முடிந்து, பாய் மடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். ஒரு தங்கை, ஐந்தாம் படிவம். "அண்ணா, லா படிக்கலாம்னு ஆசை. ஆனா கோர்ட்ல எழுந்து நின்னு சத்தமா பேசணுமே, எனக்கு அது வராது. அதை விட்டா வேற வேலையே கிடையாதா?" என்று கேட்டாள். இன்னொரு தம்பி சட்டப் பட்டம் முடித்து எட்டு மாதம் ஆகிவிட்டது. கைத்தொலைபேசிக் கடையில் வேலை. "அடுத்து என்னா செய்யணும்னு யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியலண்ணா. வீட்டுல யாருக்கும் தெரியாது" என்றான்.

அவன் சொன்னது என்னை உறுத்தியது. இருபது வருடத்துக்கு முன் எங்கள் வீட்டிலும் அதே கதைதான். இந்த மாதப் பாடம் அந்த இரண்டு பேருக்கும் நான் சொன்ன பதில்.

மாமாவின் கதை

என் தாய்மாமா ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் வேலை செய்தவர். ஒரு நாள் காரணம் சொல்லாமல் நிறுத்திவிட்டார்கள். மாமா என்ன செய்தார்? முதலில் சூப்பர்வைசரிடம் கெஞ்சினார். பிறகு தெரிந்தவர் ஒருவரைப் பிடித்துக் கடிதம் எழுதினார். "பாக்கலாம், பேசிட்டுச் சொல்றேன்" என்று யாரோ சொன்னதை நம்பிக் காத்திருந்தார். கடைசியில் ஷா ஆலமில் உள்ள தொழில் உறவு இலாகாவுக்குப் போனோம். நானும் கூடப் போனேன், எனக்கு அப்போது பதினாறு வயது. முகப்பில் இருந்த அதிகாரி நாளை எண்ணிப் பார்த்தார். எழுபத்து மூன்று நாள். "சுடா லெவாட், அங்கள்" என்றார். காலம் கடந்துவிட்டது.

1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, நியாயமில்லாமல் வேலை நீக்கம் செய்யப்பட்டவர் 60 நாளுக்குள் முறையிட வேண்டும் என்கிறது. மாமாவின் பக்கம் நியாயம் இருந்தது, ஆனால் அந்த 60 என்ற எண் எங்கள் தாமானில் ஒருவருக்கும் தெரியவில்லை. பதினெட்டு வருட உழைப்பு பதின்மூன்று நாளில் போய்விட்டது.

நான் சட்டம் படித்ததற்கு அதுதான் காரணம். படித்த பிறகு ஒன்று புரிந்தது. நம் பிள்ளைகள் வேலை வாய்ப்பை, உபகாரச் சம்பளத்தை, பதவியை இழப்பதும் பெரும்பாலும் மாமா இழந்த மாதிரிதான். திறமைக்குக் குறைவில்லை, எந்த வாசல், எந்தத் தேதி என்று சொல்ல ஆள்தான் இல்லை. ஆகவே வாசல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாசல்: தகுதி

நம் நாட்டில் வழக்கறிஞர் தொழிலை ஆள்வது 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம். அதன்படி முதலில் நீங்கள் 'தகுதி பெற்றவர்' ஆக வேண்டும். பெரும்பாலோர் போகும் வழி மூன்று.

ஒன்று, மலாயா பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் போன்ற உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் அங்கீகரிக்கப்பட்ட சட்டப் பட்டம். எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் முடித்தவர்கள் முதலில் முயல வேண்டியது இதைத்தான். செலவு குறைவு, சிஎல்பி தேர்வும் வேண்டியதில்லை.

இரண்டு, லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிநிலைப் பட்டம் அல்லது பிரிட்டிஷ் பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, பிறகு சிஎல்பி எழுதுவது. பிரிக்பீல்ட்ஸ் தனியார் கல்லூரிகளில் படித்து இந்த வழியில் வந்த தமிழர்கள் ஏராளம். நானும் அப்படித்தான். சிஎல்பியில் ஐந்து தாள்: பொதுத்தாள், சிவில் வழக்கு நடைமுறை, குற்றவியல் வழக்கு நடைமுறை, சாட்சியச் சட்டம், தொழில் நடைமுறை. லேசான தேர்வு அல்ல. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் ஒரு வருடத்தை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

மூன்று, இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் ஆவது. செலவு மிக அதிகம்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. எந்தக் கல்லூரியிலும் பணம் கட்டுவதற்கு முன், அந்தப் பட்டத்தை வழக்கறிஞர் தகுதி வாரியம் அங்கீகரிக்கிறதா என்று அதன் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். விளம்பரத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அடுத்து, எஸ்பிஎம் மலாய்மொழியில் கிரெடிட் எடுத்தே ஆக வேண்டும். அது இல்லாவிட்டால் வழக்கறிஞராகப் பதிவு பெறத் தனி மொழித் தேர்வு எழுத வேண்டிவரும், அரசாங்கச் சட்டச் சேவைக்கும் தடையாகிவிடும். ஐந்தாம் படிவத் தங்கைக்கு நான் முதலில் சொன்னது இதுதான்: "சத்தமா பேசுறதைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்மா. மலாய்க் கட்டுரையை இப்பவே எழுதிப் பழகு."

இரண்டாம் வாசல்: சேம்பரிங்

பட்டம் மட்டும் பெற்றவர் வழக்கறிஞர் ஆகிவிட முடியாது. ஒன்பது மாதம் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி பெற வேண்டும். இதைத்தான் சேம்பரிங் என்கிறோம். பயிற்சி தருபவர் குறைந்தது ஏழு வருடம் தொடர்ந்து தொழில் செய்தவராக இருக்க வேண்டும். மூன்று மாதம் ஆனதும் 'ஷார்ட் கால்' அனுமதி பெற்றுச் சிறு காரியங்களுக்கு நீதிமன்றத்தில் நிற்கலாம். ஒன்பது மாதம் முடிந்ததும் உயர்நீதிமன்றத்தில் மனு போட்டு, கறுப்பு அங்கியோடு நீதிபதி முன் நிற்கும் நாள் வரும்.

இதில் நான் செய்த தவறு உங்களுக்குப் பாடமாக இருக்கட்டும். சிஎல்பி முடிவு வந்த பிறகுதான் இடம் தேட ஆரம்பித்தேன். கோலாலம்பூரின் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ஓராண்டுக்கு முன்பே ஆள் எடுத்து முடித்திருந்தார்கள். என் வகுப்புத் தோழர்கள் விடுமுறையில் அதே நிறுவனங்களில் சம்பளமில்லாமல் நான்கு வாரம் கோப்பு தூக்கியவர்கள். அவர்களுக்கு அங்கே இடம் தயாராக இருந்தது. நானோ நாற்பது கடிதம் போட்டேன், மூன்று பதில் வந்தது. கிள்ளானில் ஒரு சிறிய அலுவலகம் என்னைச் சேர்த்துக்கொண்டது. பிறகு பார்த்தால் அதுவே நல்லதாகப் போயிற்று. பெரிய நிறுவனத்தில் சேர்ந்தவர்கள் ஆவணங்களைப் படித்துக்கொண்டிருந்த நாளில், நான் தெலுக் டத்தோ மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

கைத்தொலைபேசிக் கடைத் தம்பிக்கும் அதையேதான் சொன்னேன். முதலில் சிஎல்பி பதிவுத் தேதியைப் பார். சனிக்கிழமைகளில் கிள்ளானிலோ பந்திங்கிலோ உள்ள ஒரு சிறு அலுவலகத்தில் உதவியாளாகப் போய் உட்கார். பெரிய பெயர்ப்பலகைக்காகக் காத்திருக்காதே.

மூன்றாம் வாசல்: வழக்காடாத சட்ட வேலைகள்

தங்கையின் கேள்விக்கு வருவோம். சட்டம் படித்தவர்களில் பலர் நீதிமன்றத்தில் வாதிடுவதே இல்லை. வீடு வாங்கும் பத்திரம், உயில், கம்பெனி ஒப்பந்தம் இவற்றை மட்டும் பார்க்கும் வழக்கறிஞர்கள் நிறைய. வங்கி, காப்புறுதி நிறுவனம், தொலைத்தொடர்பு நிறுவனம் ஒவ்வொன்றிலும் சட்டப் பிரிவு உண்டு. 2016-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி ஒவ்வொரு கம்பெனிக்கும் குறைந்தது ஒரு செயலாளர் வேண்டும், அதற்கும் சட்டம் படித்தவர்கள் போகலாம்.

அரசாங்கத்தின் நீதி, சட்டச் சேவை இன்னொரு பெரிய வாசல். இங்கே நியமனம் செய்வது நீதி, சட்டச் சேவை ஆணையம். இந்த ஆணையம் கூட்டரசு அரசியலமைப்பின் 138-ஆவது விதியின் கீழ் அமைந்தது. சேர்ந்தவர்கள் மாஜிஸ்திரேட் ஆகலாம், அரசுத் துணை வழக்கறிஞர் ஆகலாம், சட்ட உதவி இலாகாவிலோ திவால் இலாகாவிலோ அதிகாரி ஆகலாம். நாட்டில் எங்கு மாற்றினாலும் போகத்தான் வேண்டும். நம் வீடுகளில் "கவர்மெண்ட்ல நம்மள எடுக்க மாட்டாங்க" என்ற பேச்சு அதிகம். மனுவே போடாமல் அந்த முடிவுக்கு வராதீர்கள்.

தமிழும் ஒரு தகுதிதான். நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் வேலை செய்கிறார்கள். தோட்டத்தில் வளர்ந்த ஒரு பாட்டி தன் நிலப் பத்திரத்தைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொல்வதை, சொன்னபடியே புரிந்துகொண்டு மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதத் தெரிந்தவருக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் என்றும் வேலை உண்டு.

நான்காம் வாசல்: படிக்கும்போதே தொடங்குவது

பட்டம் வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். மாணவராக இருக்கும்போதே செய்யக்கூடியவை சில.

மாதிரி வழக்குப் போட்டிகள். ஜெசப் போட்டி 1960 முதல் நடக்கிறது, உலகெங்கும் சட்ட மாணவர்கள் கலந்துகொள்கிறார்கள். ஆசிய மாணவர்களுக்கு லாஏசியா போட்டி உண்டு. கோயில் பேச்சுப் போட்டியில் ஐந்து நிமிடம் மேடையில் நின்ற பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. மேடைப் பயம் போனவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

பயிற்சி இடங்கள். கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் ஹிஷாமுடினில் உள்ள சுலைமான் கட்டடத்தில் ஆசிய அனைத்துலக நடுவர் மையம் இயங்குகிறது. 1978-இல் தொடங்கி, 2018-இல் இன்றைய பெயரைப் பெற்றது. நாடுகளுக்கிடையிலான வணிக வழக்குகள் நம் பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்திலேயே தீர்க்கப்படுகின்றன என்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது. மனித உரிமை ஆணையமான சுஹாகாம், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக உழைக்கும் தெனகானித்தா, பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாத நம் மக்களுக்கு உதவும் டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா போன்ற இடங்களையும் கேட்டுப் பாருங்கள்.

சட்ட உதவி. 2012 ஏப்ரல் முதல் தேசியச் சட்ட உதவி அறவாரியம் குற்றவியல் விவகாரங்களில் வசதி குறைந்த மலேசியர்களுக்கு வழக்கறிஞர்களைத் தருகிறது. பிடிபட்ட ஒரு பையனின் அம்மாவுக்கு இந்தத் தகவலைச் சொல்ல வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. தெரிந்திருந்தால் போதும்.

ஐந்தாம் வாசல்: மேற்படிப்பு உபகாரச் சம்பளம்

இங்கிலாந்தில் ஓராண்டு முதுகலை படிக்க செவனிங் உபகாரச் சம்பளம் 1983 முதல் இருக்கிறது. மனு வழக்கமாக ஆகஸ்டில் திறக்கும். 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள், கிட்டத்தட்ட இரண்டு வருடம். தொண்டூழியமும் பயிற்சி வேலையும் அந்தக் கணக்கில் சேரும் என்பதைக் கவனியுங்கள். ஆகவே இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, எந்த வாரம் எங்கே எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள், யார் சாட்சி என்று எழுதத் தொடங்குங்கள். படித்து முடித்துச் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. அமெரிக்காவில் படிக்க ஃபுல்பிரைட் உபகாரச் சம்பளம் இருக்கிறது. உள்நாட்டுப் படிப்புக்குப் பிடிபிடிஎன் கடனும் எம்ஐஇடி கடனும் உண்டு. கடன் பத்திரத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சட்டம் படிக்கப் போகிறவர் தன் முதல் ஒப்பந்தத்தையே படிக்காமல் கையெழுத்துப் போடலாமா?

ஆறாம் வாசல்: தலைமைத்துவம்

நம்மவர்கள் இந்தத் துறையில் முன்னே சென்றிருக்கிறார்கள். வழக்கறிஞர் ஆர். ரமணி ஐநாவில் மலேசியாவின் பிரதிநிதியாக இருந்து, 1965 மே மாதம் பாதுகாப்பு மன்றத்துக்குத் தலைமை தாங்கினார். கோபால் ஸ்ரீராம் 1994-இல் வழக்கறிஞர் தொழிலிலிருந்து நேரடியாக மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியானார். அம்பிகா சீனிவாசன் 2007 முதல் 2009 வரை வழக்கறிஞர் மன்றத் தலைவர். நளினி பத்மநாதன் 2018-இல் கூட்டரசு நீதிமன்ற நீதிபதியானார்.

அவ்வளவு உயரம் நமக்கு எட்டுமா என்று யோசிக்கிறவர்கள் பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்கலாம். நம் கோயில் நிர்வாகங்கள் பல 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின் கீழ் பதிவானவை. ஆண்டுக் கூட்டம் நடந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். பாருங்கள், மறுபடியும் அறுபது நாள்! கூட்டக் குறிப்பை எழுதி, கணக்கைச் சரிபார்த்து, தேதி தவறாமல் அனுப்பும் ஒரு செயலாளரால் ஒரு சங்கமே நிலைக்கும். மாலை மரியாதை தலைவருக்குப் போகலாம், பொறுப்பு செயலாளரிடம்தான் இருக்கிறது. சட்ட மாணவர் ஒருவர் துணைச் செயலாளர் பதவியைக் கேட்டு வாங்கினால், அது அவருக்கும் பயிற்சி, சங்கத்துக்கும் காப்பு. தனக்குத் தெரிந்த தேதியை அடுத்தவருக்கும் சொல்பவரே தலைவர். அதுதான் அறம் என்றும் நான் நினைக்கிறேன்.

நிறைவாக

ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில் நான் வழக்கறிஞராகப் பதிவு பெற்ற அன்று மாமாவும் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, தீபாவளிக்கு எடுத்தது. அம்மா அழுதார், மாமா அழவில்லை. வெளியே வந்ததும் என் அங்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அறுபது நாளுன்னு இனிமே எல்லாருக்கும் சொல்லிருவேல்லே?"

"சொல்லிருவேன் மாமா" என்றேன். அதைத்தான் இங்கே சொல்லியிருக்கிறேன். நீங்களும் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

வகுப்பில் கலந்துரையாட

1. உங்கள் வீட்டில் அல்லது தாமானில், தேதி தெரியாமல் ஒருவர் இழந்தது எது?

2. இந்த ஆறு வாசல்களில் உங்களுக்கு அருகில் இருப்பது எது? அதற்கு அடுத்த மூன்று மாதத்தில் செய்ய வேண்டிய ஒரு காரியத்தைத் தேதியோடு எழுதுங்கள்.

3. நம் மன்றத்தின் கடைசி ஆண்டறிக்கை எப்போது அனுப்பப்பட்டது? செயலாளரிடம் கேட்டு வாருங்கள்.