அமைச்சரின் விடையும் அதன் பின்னுள்ள கணக்கும்

நாடாளுமன்றம் கூடியிருக்கும் நாள்களில், திருவனந்தபுரத்திலுள்ள மத்திய அரசு அலுவலகங்களுக்குப் புதுதில்லியிலிருந்து ஒரு வகைக் கடிதம் வரும். அதன் மேல் மூலையில் ‘நாடாளுமன்ற வினா – மிக அவசரம்’ என்னும் முத்திரை இருக்கும். முன்பு தந்தியாகவும் தொலைநகலாகவும் வந்தது. இப்போது மின்னஞ்சலாக வருகிறது. முத்திரை மட்டும் மாறவில்லை. வளைகுடா நாடொன்றில் சம்பளமின்றித் தவிக்கும் தொழிலாளர் எத்தனை பேர், அயல்நாட்டுக் கடற்படை பிடித்துச் சென்ற படகுகள் எத்தனை என்பன போன்ற கேள்விகள் அதில் இருக்கும். விடை மறுநாள் மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். அவையில் எழுந்து விடையளிப்பவர் வெளியுறவு அமைச்சர். ஆயினும், அவர் வாசிக்கும் எண்ணில் ஒரு பகுதி இங்கே, ஏதோவொரு மேசையில், ஓர் உதவியாளரின் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டதாகவே இருக்கும்.

இவ்வுரிமை எளிதில் கிட்டியதன்று. 1892-ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டம் உறுப்பினர்கள் கேள்வி கேட்க முதன்முதலாக இடமளித்தது. துணைக் கேள்விக்கு இடமில்லை. 1909-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், முதலில் கேட்டவரே ஒரு துணைக் கேள்வியும் கேட்கலாம் என்றது. 1919-க்குப் பின்னரே பிற உறுப்பினர்களும் துணைக் கேள்வி தொடுக்க முடிந்தது. ஆனால் அயல்நாட்டு உறவுகளைப் பற்றிய வினாக்கள் அப்போதும் விதியால் தடுக்கப்பட்டிருந்தன. சுதேச சமஸ்தானங்களுடனான உறவுக்கும் இதே தடை பொருந்தியது. ஆகவே, 1888-லேயே சட்டமன்றக் கவுன்சிலையும் 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபையையும் கண்டிருந்த திருவிதாங்கூர், தில்லிச் சட்டசபையைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஓர் அயல்நாடாகவே இருந்தது. வெளிவிவகார இலாகாவை வைசிராயே தம் கையில் வைத்திருந்தார். கேள்வி கேட்பாரில்லாத இலாகா அது.

சுதந்திரத்துக்குப் பின் நிலைமை அடியோடு மாறியது. பண்டித நேரு 1947 முதல் 1964 வரை பிரதமர் பதவியோடு வெளியுறவுப் பொறுப்பையும் ஏற்று, அவைகளில் தாமே விடையளித்து வந்தார். அவருக்குத் துணை நின்று, முதலில் நாடாளுமன்றச் செயலாளராகவும், பின்னர்த் துணை அமைச்சராகவும், இராஜாங்க அமைச்சராகவும் பணியாற்றிய திருமதி லட்சுமி என். மேனன் திருவனந்தபுரத்தில் பிறந்தவர் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. கேரளத்தைச் சேர்ந்த கே. ஆர். நாராயணன், இ. அகமது, வி. முரளீதரன் ஆகியோரும், திருவனந்தபுரம் உறுப்பினர் சசி தரூரும் பிற்காலத்தில் அதே அமைச்சகத்தில் இராஜாங்க அமைச்சர்களாக இருந்தனர். 1971-இல் இத்தொகுதியிலிருந்து சுயேச்சையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் வி. கே. கிருஷ்ண மேனன். 1957-இல் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு சபையில் காஷ்மீர் பற்றி ஏறத்தாழ எட்டு மணி நேரம் பேசியவர் அவர். மக்களவையில் ஒரு வினா 150 சொற்களைத் தாண்டலாகாது என்னும் விதியை அவருடன் சேர்த்து எண்ணிப் பார்க்கும்போது எனக்குச் சிறிது சிரிப்பு வருவதுண்டு.

விதிமுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மக்களவையில் வினாவுக்குப் பதினைந்து முழு நாள்கள் முன்னறிவிப்புத் தர வேண்டும். குலுக்கலில் தேர்வாகும் வினாக்களில் ஒரு நாளைக்கு 20 மட்டும் நட்சத்திரக் குறி பெற்று வாய்மொழி விடைக்கு உரியவையாகின்றன. 230 வினாக்களுக்கு எழுத்து மூலமான விடை. அமைச்சகங்கள் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தொகுதிக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்படும். ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு நட்சத்திர வினாக்களே வாய்மொழியாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. நட்பு நாட்டை மரியாதைக் குறைவாகக் குறிப்பிடும் வினாவும், இயல்பிலேயே இரகசியமான செய்தியைக் கோரும் வினாவும் அனுமதிக்கப்படமாட்டா.

உழவுத்துறை அமைச்சர் தரும் விடையைக் கேட்போர் நம் நாட்டவர் மட்டுமே. வெளியுறவு அமைச்சரின் விடையை அண்டை நாட்டுத் தூதரகமும் அதே நேரத்தில் குறிப்பெடுக்கும். ஆதலால் இத்துறையின் விடைகள் அளந்து எழுதப்படுகின்றன. அளப்பதற்கும் மறைப்பதற்கும் இடையிலுள்ள கோடு மிக மெல்லியது. 1959 ஆகஸ்டில் எல்லை நிலவரம் குறித்து உறுப்பினர்கள் இரு அவைகளிலும் விடாது வற்புறுத்தியதன் விளைவாகவே, சீனாவுடன் நடந்த கடிதப் போக்குவரத்தைத் தொகுத்த வெள்ளை அறிக்கையை நேரு அவ்வாண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் அவையில் வைத்தார். அதுவரை பொதுமக்கள் அறியாதிருந்த பல செய்திகள் அன்றுதான் வெளிச்சத்துக்கு வந்தன.

கடல் எல்லையும் விடையில் விட்டுப்போவதும்

திருவனந்தபுரத்துக்கு அண்மையதான ஒரு சான்று கடலில் இருக்கிறது. கன்னியாகுமரிக்குத் தெற்கே, ‘வாட்ஜ் பாங்க்’ எனப்படும் கடலடி மேட்டு நிலம் மீன்வளம் செறிந்தது. விழிஞ்ஞத்துத் தூண்டில் மீனவர்களும் குமரி மாவட்ட மீனவர்களும் களவா மீனுக்கும் கணவாய்க்கும் அங்கே செல்வர். இலங்கையின் இழுவைக் கப்பல்களும் பல பத்தாண்டுகளாக அங்கு மீன்பிடித்து வந்தன.

1974 ஜூன் இறுதியில் கச்சத்தீவு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஜூலை 23-ஆம் நாள் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அதுபற்றி அறிக்கை அளித்தபோது, இரா. செழியன் முதலிய தமிழ்நாட்டு உறுப்பினர்கள் கடுமையாக எதிர்த்தனர். 1976 மார்ச் 23-இல், ஒய். பி. சவாண் வெளியுறவு அமைச்சராக இருந்த காலத்தில், மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வரையும் இரண்டாம் உடன்பாடு ஏற்பட்டது. அதனோடு பரிமாறிக்கொள்ளப்பட்ட கடிதங்கள் வாட்ஜ் பாங்க் முழுவதும் இந்தியாவின் பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்தைச் சேர்ந்தது என உறுதி செய்தன. இலங்கை ஆறு கப்பல்களுக்கு மிகாமல், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மிகாமல், மூன்றாண்டுகள் மட்டும் அங்கு மீன்பிடிக்கலாம். அதன்பின் ஐந்தாண்டுகளுக்கு இந்தியா ஆண்டுதோறும் 2,000 டன் மீனை விலைக்குத் தரும் என்பது ஏற்பாடு.

கச்சத்தீவு பற்றிய வினா இன்றும் எழுகிறது. தீவு கடல் எல்லைக் கோட்டின் இலங்கைப் பக்கத்தில் உள்ளது, வழக்கு உச்ச நீதிமன்றத்தில் உள்ளது என 2022 ஜூலையிலும் மாநிலங்களவையில் விடை கூறப்பட்டது. வாட்ஜ் பாங்க் பற்றியோ விழிஞ்ஞத்தில்கூடப் பலர் கேள்விப்பட்டதில்லை. ஒரு கடற்கரை இழந்ததையும் மற்றொரு கடற்கரை பெற்றதையும் ஒருசேர எடுத்துரைக்கும் விடை அரிதாகவே காணப்படுகிறது. இராமேசுவரத்து மீனவருக்கு வாட்ஜ் பாங்க் எவ்வகையிலும் ஈடாகாது. அவருடைய படகு அவ்வளவு தொலைவு வராது. எனினும் முழுக் கணக்கையும் அறிய இரு கரையினருக்கும் உரிமையுண்டு. அவசரநிலையின்போது, 1975 ஜூலையில் கூடிய கூட்டத்தொடரில் கேள்வி நேரமே இல்லாதிருந்தது. அத்தகைய ஒரு காலத்தின் நடுவே, 1976-இன் உடன்பாடு உருவாயிற்று என்பதையும் மறத்தலாகாது.

ஈராக்: இரு விடைகள்

1990-இல் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது, வெளியுறவு அமைச்சர் ஐ. கே. குஜ்ரால் நேரே பாக்தாத் சென்றார். அம்மான் வழியாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் விமானங்களில் மீட்கப்பட்டனர். கேரளத்தில் அந்நாள்களை நினைவுகூராத வளைகுடாக் குடும்பம் இல்லை எனலாம்.

2014 கோடையில் மீண்டும் ஈராக். திக்ரித் நகர மருத்துவமனையில் சிக்கியிருந்த 46 செவிலியர், பெரும்பாலும் கேரளத்தவர், ஜூலை 3-ஆம் நாள் மோசூலுக்குக் கொண்டு செல்லப்பட்டு, மறுநாள் விடுவிக்கப்பட்டு, ஜூலை 5-ஆம் நாள் கொச்சி வந்திறங்கினர். நாடாளுமன்றம் கூடியது ஜூலை 7. மகிழ்ச்சியான விடையைச் சொல்வது எந்த அமைச்சருக்கும் எளிது.

அதே ஜூனில் மோசூலில் நாற்பது இந்தியக் கட்டுமானத் தொழிலாளர்கள் கடத்தப்பட்டனர். பெரும்பாலோர் பஞ்சாபைச் சேர்ந்தவர்கள். தப்பி வந்த ஒருவர், மற்றவர்கள் அனைவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர் என்றார். அமைச்சர் சுஷ்மா சுவராஜ் 2014 நவம்பரில், அவர்கள் உயிருடன் இருப்பதாகப் பல வழிகளில் தகவல் உள்ளது என்று அவையில் கூறினார். 2017 ஜூலையில், சான்று இல்லாமல் ஒருவரை இறந்தவராக அறிவிப்பது பாவம். தாம் அதைச் செய்யமாட்டேன் என்று மக்களவையில் உரைத்தார். 2018 மார்ச் 20-ஆம் நாள், மரபணுச் சோதனைக்குப் பின், 39 பேரும் இறந்தனர் என்று மாநிலங்களவையில் அறிவித்தார். மக்களவையில் அமளி காரணமாக அவரால் பேச இயலவில்லை. குடும்பத்தார் பலர் இச்செய்தியைத் தொலைக்காட்சி வழியே அறிந்தனர். தங்களிடம் முதலில் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டனர். அவை கூடியிருக்கையில் அவைக்கே முதலில் தெரிவிப்பது தமது கடமை என்பது அமைச்சரின் விளக்கம்.

மரபின்படி அமைச்சர் சொன்னது சரியே. ஆயினும், இந்த மரபு அரசின் கொள்கை முடிவுகளை அவைக்குத் தெரியாமல் வெளியே அறிவித்துவிடலாகாது என்பதற்காக ஏற்பட்டது. மகனுடைய சாவைத் தாய்க்கு அறிவிப்பது அவ்வகையைச் சேர்ந்ததா என்பது ஐயத்துக்குரியது. அரைமணி நேரத்துக்கு முன் மாவட்ட அதிகாரி ஒருவர் வீட்டு வாயிலுக்குச் சென்று சொல்லியிருந்தால் எந்த அவையின் உரிமையும் குறைந்திராது என்பது என் கருத்து. அதே வேளையில், மூன்றாண்டு காலத்துக்கும் மேலாகச் சான்றில்லாத மரணத்தை அறிவிக்க மறுத்த நிலையை நான் குறைகூற மாட்டேன். நம்பிக்கையைத் தகவலாக எடுத்துச் சொன்னதுதான் அங்கே நேர்ந்த பிழை. ‘உயிருடன் உள்ளதாகக் கேள்விப்படுகிறோம், எங்களிடம் சான்று இல்லை’ என்பதில் இரண்டாம் பகுதி முதற்பகுதியளவு உரக்க ஒலிக்கவில்லை.

எண்ணப்படாதவர்கள்

புள்ளிவிவரம் கோரும் வினாக்களே எண்ணிக்கையில் மிகுதி. வேலைக்காக வெளிநாடு சென்றோர் எத்தனை பேர் என்ற வினாவுக்கு அமைச்சகம் மாநிலவாரியாக ஓர் அட்டவணை தரும். அதைப் படிப்போர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் அனுமதி பெற வேண்டியவர்கள், அதாவது பெரும்பாலும் பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள், குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போதுதான் பதிவேட்டில் ஏறுகின்றனர். பத்தாம் வகுப்புத் தேறியவர் அனுமதியின்றிச் செல்லலாம். ஆகவே அவர் அந்த அட்டவணையில் இல்லை. பள்ளிப் படிப்புப் பரவிய கேரளம் அதில் சிறுத்தும், உத்தரப் பிரதேசமும் பீகாரும் பெருத்தும் தோன்றுவது இதனாலேயே. மலையாளிகள் வளைகுடா செல்வதை நிறுத்திவிட்டனர் என்று அந்த அட்டவணையை வைத்துக் கட்டுரை எழுதியவர்களும் உண்டு. திருவனந்தபுரத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு மையம் 1998 முதல் வீடுவீடாகச் சென்று எடுத்த குடிபெயர்வு ஆய்வுகள் வேறு படத்தைக் காட்டின. அவ்வரிசையில் 2018-இல் வெளிநாட்டிலிருந்த கேரளத்தவர் சுமார் 21 லட்சம். 2023-இல் சுமார் 22 லட்சம்.

2015-இல் செவிலியர் இந்தப் பதிவுக்குள் கொண்டுவரப்பட்டனர். அந்த 18 நாடுகளுக்கு அவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் பணி நோர்க்கா ரூட்ஸ் போன்ற அரசு நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஏற்பாட்டில் குறைகள் உண்டு. ஆனால் திக்ரித் போன்ற ஓர் ஊரில் நம் செவிலியர் எத்தனை பேர் என்று இனி ஒருவர் கேட்டால், தேடத் தொடங்குவதற்கு ஒரு பதிவேடு இருக்கிறது.

‘விவரங்கள் சேகரிக்கப்படுகின்றன, அவையின் முன் வைக்கப்படும்’ என்னும் விடை அரசு தரும் உறுதிமொழியாகக் கணக்கிடப்படுகிறது. 1953-இல் மக்களவை அமைத்த அரசு உறுதிமொழிக் குழு அதைத் தொடர்ந்து கண்காணிக்கும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இதிலிருந்து தப்ப அலுவலகங்கள் கண்ட வழி, ‘இத்தகைய விவரங்கள் பராமரிக்கப்படுவதில்லை’ என்னும் வாசகம். இதில் உறுதிமொழி இல்லை. ஆகவே தொல்லையும் இல்லை.

நானும் அதை எழுதியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் இளநிலை அதிகாரியாக இருந்த ஓர் அலுவலகத்துக்கு, வெளிநாட்டில் வீட்டுவேலைக்குச் சென்ற பெண்களைப் பற்றிக் குடும்பத்தார் அனுப்பிய புகார்கள் ஆண்டுவாரியாக எத்தனை என்று வினா வந்தது. புகார்கள் அலமாரியில் சணல் கயிற்றால் கட்டப்பட்டுக் கிடந்தன. பெரும்பாலானவை மலையாளத்தில், பாறசாலைப் பக்கத்திலிருந்து வந்த சில தமிழில். அவற்றை எண்ணிப் பார்க்க இரண்டு நாள் போதும். அன்று மாலைக்குள் விடை போக வேண்டும் என்று மேலதிகாரி சொன்னார். விவரங்கள் பராமரிக்கப்படுவதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவ்வாசகம் அப்படியே அச்சாகி அவையின் மேசையில் வைக்கப்பட்டது. கூட்டத்தொடர் முடிந்தபின், ஒரு சனிக்கிழமை, யாரும் கேட்காமலே அக்கட்டுகளை அவிழ்த்து ஆண்டுவாரியாகப் பிரித்து எண்ணினேன். பிறகு ஒரு பதிவேடு வாங்கி, முதற்பக்கத்தில் பெயர், ஊர், நாடு, புகார் நாள், எடுத்த நடவடிக்கை என்று ஐந்து கட்டங்கள் கிழித்தேன். அடுத்த கூட்டத்தொடரில் அதே கேள்வி வேறோர் உறுப்பினர் பெயரில் வந்தது.