ரிக்கி நெல்சன் தட்டின் மறுபக்கம்

அன்புள்ள நண்பருக்கு,

‘பல்ப் ஃபிக்ஷன்’ படம் பார்த்து ‘லோன்சம் டவுன்’ பாட்டில் மயங்கி, ரிக்கி நெல்சனின் ஹிட் பாடல் தொகுப்பு ஒன்றை வாங்கியதாக எழுதியிருந்தீர்கள். பாதி சிடி ஓடுவதற்குள் அலுத்துவிட்டதாம். ‘எல்லாம் ஒரே சாயலில் மெதுவான காதல் பாட்டுகள். இவரையா ராக்கபில்லி பாடகர் என்கிறார்கள்?’ என்று கேட்கிறீர்கள். வேறு நல்ல தொகுப்பு இருந்தால் சொல்லும்படியும் கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் அனுப்பிய பாட்டுப் பட்டியலைப் பார்த்தேன். பாடியவர்மேல் குற்றமில்லை. தொகுத்தவர் அவரைப் பாதியாக வெட்டிக் கொடுத்திருக்கிறார். விடுபட்ட பாதி, அதாவது துள்ளலான ராக்கபில்லிப் பாதி, நீங்கள் பார்த்த அதே படத்தில் இருக்கிறது. ஜான் டிரவோல்டாவும் உமா தர்மனும் அந்த உணவகத்துக்குள் நுழையும் நேரத்தில், மேடையில் ரிக்கி நெல்சன் வேடமிட்ட ஒருவர் துள்ளலான பாட்டொன்றைப் பாடிக்கொண்டிருப்பார். அது ‘வெயிட்டின் இன் ஸ்கூல்’. 1957 கடைசியில் ரிக்கி பாடி வந்த பாட்டு. ‘லோன்சம் டவுன்’ அதற்கு மறு ஆண்டு வந்தது. இரண்டையும் பாடியது ஒரே பையன்தான். படத்தை எடுத்தவர் ஒரே காட்சிக்குள் இரண்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறார். உங்கள் தொகுப்பாளருக்கு அந்த மனம் வரவில்லை.

ரிக்கியின் பாட்டுகள் முதலில் மக்கள் கைக்குப் போனது 45 ஆர்பிஎம் சிறு தட்டுகளாக. பக்கத்துக்கு ஒரு பாட்டு. வானொலிக்காரர்கள் எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் ஓட்டுவார்கள். பில்போர்டு பட்டியலும் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி இடம் கொடுத்தது. இதைப் பயன்படுத்திக்கொண்டவர்களில் ரிக்கியை மிஞ்ச ஆளில்லை என்பேன். 1957 வசந்தத்தில் வந்த முதல் தட்டிலேயே இது தொடங்கிவிட்டது. ஒரு பக்கம் ஃபேட்ஸ் டாமினோவின் ‘ஐ’ம் வாக்கின்’ என்ற துள்ளல் பாட்டு, மறுபக்கம் ‘எ டீனேஜர்ஸ் ரொமான்ஸ்’ என்ற உருகல் பாட்டு. இரண்டும் முதல் பத்துக்குள் வந்தன. 1959-இல் ‘நெவர் பி எனிவன் எல்ஸ் பட் யூ’ ஒரு பக்கம், ‘இட்ஸ் லேட்’ மறுபக்கம். முன்னது 6-ஆம் இடம், பின்னது 9-ஆம் இடம். அதே ஆண்டில் ‘ஸ்வீட்டர் தேன் யூ’வும் ‘ஜஸ்ட் எ லிட்டில் டூ மச்’சும் முதுகோடு முதுகாக வந்து, இரண்டுமே 9-ஆம் இடம் வரை ஏறின. 1961-இல் ‘டிராவலின் மேன்’ முதலிடம் பிடித்தபோது அதன் மறுபக்கத்தில் இருந்தது ‘ஹலோ மேரி லூ’. பாட்டுப் பெட்டியில் தட்டைப் புரட்டிப் போட்ட ஒவ்வொரு அமெரிக்கப் பிள்ளையும் இரண்டு ரிக்கியையும் சேர்த்தே கேட்டு வளர்ந்தது. அந்த ஜோடிகளைப் பிரித்து, மெதுவானவற்றை மட்டும் வரிசையாக அடுக்கினால் யாருக்கும் தூக்கம்தான் வரும்.

யார் இந்தப் பையன்? 1940 மே 8-இல் பிறந்தவர். அப்பா ஆஸி நெல்சன் நடன இசைக்குழு நடத்தியவர், அம்மா ஹாரியட் அதில் பாடியவர். 1944-இல் அவர்கள் தங்கள் குடும்பத்தையே வானொலி நாடகமாக்கினார்கள். 1949 முதல் ரிக்கியும் அண்ணன் டேவிட்டும் தங்கள் வேடத்தைத் தாங்களே ஏற்றார்கள். 1952-இல் அது தொலைக்காட்சிக்குப் போய் 1966 வரை ஓடியது. ஆகவே பாடகர் ஆவதற்கு முன்பே நாட்டுக்கெல்லாம் அவரைத் தெரியும். காதலி எல்விஸ் பாட்டில் கிறங்கியதைப் பார்த்து, ‘நானும் ஒரு தட்டுப் போடுகிறேன்’ என்று வீறாப்பாகச் சொன்னதில் தொடங்கியது இந்தக் கதை. 1957 ஏப்ரலில் குடும்ப நிகழ்ச்சியில் ‘ஐ’ம் வாக்கின்’ பாடியபோது அவருக்கு 17 வயது நிறையவில்லை. அப்பாவின் செல்வாக்கில் மேலே வந்த பிள்ளை என்று அன்று பலர் இளப்பமாகப் பேசினார்கள். அந்தப் பேச்சின் நிழல் இன்றும் தொகுப்புகளில் தெரிகிறது. அழகான முகம், மென்மையான குரல், பெண்பிள்ளைகளுக்கான பாட்டு என்று அவரை ஒதுக்கி வைப்பவர்கள்தான் மெதுவான பாட்டுகளாகப் பொறுக்கிப் போடுகிறார்கள்.

ஆனால் அந்தப் பிள்ளைக்கு எதைக் கேட்பது என்று தெரிந்திருந்தது. ராக்கபில்லி பாடகர் கார்ல் பெர்கின்ஸ் என்றால் உயிர். முதல் எல்பி பெருந்தட்டான ‘ரிக்கி’யில் பெர்கின்ஸ் பாட்டுகள் இரண்டு இருக்கின்றன. அதே எல்பியில் கோல் போர்ட்டரின் ‘ட்ரூ லவ்’வும் இருக்கிறது. 1958 ஜனவரியில் அது எல்பி பட்டியலில் முதலிடம் பிடித்தது. டாமினோவின் பாட்டைப் பாடி அறிமுகமானவரை, டாமினோவை வைத்திருந்த இம்பீரியல் நிறுவனத்தின் முதலாளி லூ சட் தன்னிடமே இழுத்துக்கொண்டார். மெம்ஃபிஸிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வந்த ஜானி, டார்ஸி பர்னெட் சகோதரர்கள் கிட்டாரோடு ரிக்கி வீட்டு வாசற்படியில் காத்திருந்து தங்கள் பாட்டுகளைப் பாடிக் காட்டினார்கள். ‘வெயிட்டின் இன் ஸ்கூல்’, ‘பிலீவ் வாட் யூ சே’, ‘இட்ஸ் லேட்’, ‘ஜஸ்ட் எ லிட்டில் டூ மச்’ எல்லாம் அந்தச் சகோதரர்களின் சரக்கு. ‘லோன்சம் டவுன்’ போன்ற உருகல் பாட்டுகளைப் பேக்கர் நைட் எழுதித் தந்தார். பர்னெட்டுகள் ஒரு பக்கம், பேக்கர் நைட் ஒரு பக்கம் என்று தட்டுகள் வந்த காலம்தான் ரிக்கியின் பொற்காலம்.

இனி நான் அதிகம் பேச ஆசைப்படுவது ரிக்கியின் கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் பர்ட்டனைப் பற்றி. லூசியானாக்காரர். ரிக்கியைவிட ஒரு வயதுகூட மூத்தவரில்லை. அதற்குள் டேல் ஹாக்கின்ஸின் ‘சூசி க்யூ’வில் அந்தப் புகழ்பெற்ற கிட்டாரை வாசித்து முடித்திருந்தார். பாப் லூமன் என்ற பாடகரின் குழுவோடு ஹாலிவுட் வந்து இம்பீரியல் அலுவலகத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது ரிக்கியின் காதில் விழுந்தார். பர்ட்டனையும், பாஸ் வாசித்த ஜேம்ஸ் கிர்க்லாண்டையும் ரிக்கி தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். கொஞ்ச காலம் பர்ட்டன் நெல்சன்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார்.

‘வெயிட்டின் இன் ஸ்கூல்’ பதிவில் முன்னணிக் கிட்டார் ஜோ மேஃபிஸ் என்ற மூத்த கலைஞருடையது. பர்ட்டன் பின்னால் தாளம் மட்டும் பிடிக்கிறார். 1958-இல் ‘பிலீவ் வாட் யூ சே’ வரும்போது முன்னணி இடம் பர்ட்டனுக்கு வந்துவிட்டது. தன் டெலிகாஸ்டர் கிட்டாரில் மேல் நான்கு கம்பிகளைக் கழற்றிவிட்டு, பாஞ்சோவுக்கான மெல்லிய கம்பிகளை மாட்டினார். அன்றைய கிட்டார் கம்பிகள் தடிமனானவை. விரலால் தள்ளி வளைப்பது கடினம். மெல்லிய கம்பி இழுத்த இழுப்புக்கு வரும். ஒரு சுரத்தைத் தொட்டு, அதை வழுக்கி மேலே கொண்டுபோய், அங்கே வெடுக்கென்று விடுகிறாரே, அந்த ஓசை பிறந்தது இப்படித்தான். ‘பிலீவ் வாட் யூ சே’வின் நடுவில் பாட்டு நின்று கிட்டார் மட்டும் பேசும் இடத்தை இரண்டு மூன்று முறை ஓட்டிக் கேளுங்கள். மேலே கிட்டார் குதித்துக் கும்மாளமிட, அது முடிந்ததும் ரிக்கி குரலை உயர்த்தாமல், மூச்சு வாங்காமல், விட்ட இடத்தில் வந்து சேர்கிறார். மற்ற ராக்கபில்லி பாடகர்கள் விக்கினார்கள், கத்தினார்கள், தொண்டையைக் கிழித்துக்கொண்டார்கள். ரிக்கி அமைதியாகப் பாடிக்கொண்டே தாளத்தைத் தள்ளிக்கொண்டு போனார். நான் ரிக்கி நெல்சன் தட்டுகளை வாங்கவில்லை, ஜேம்ஸ் பர்ட்டன் தட்டுகளைத்தான் வாங்கினேன் என்ற பொருளில் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் சொன்னதுண்டு. பர்ட்டனுக்குக் கிடைத்த அந்தப் பாராட்டு நியாயமானது. ஆனால் அந்த அமைதியான குரல் அடியில் இல்லாவிட்டால் அந்தக் கிட்டார் இவ்வளவு எடுபட்டிருக்காது என்பது என் துணிபு. 1969-இல் எல்விஸ் தன் மேடைக் குழுவுக்கு ஆள் தேடியபோது அழைத்ததும் இதே பர்ட்டனைத்தான்.

உங்கள் சிடியின் முதல் பாட்டு ‘புவர் லிட்டில் ஃபூல்’. அதற்கு ஒரு பெருமை உண்டு. 1958 ஆகஸ்ட் 4-இல் பில்போர்டு ஹாட் 100 பட்டியல் தொடங்கியபோது முதன்முதலாக அதன் உச்சியில் இருந்த பாட்டு அது. எழுதியவர் ஷேரன் ஷீலி என்ற 18 வயதுப் பெண். ஆனால் அது தனித் தட்டாக வருவதில் ரிக்கிக்கு விருப்பமில்லை. தட்டின் உறைப் படத்துக்கு ஒப்புதல் தரும் உரிமை ஒப்பந்தப்படி அவரிடம் இருந்தது. அவர் ஒப்புதல் தரவில்லை; தட்டு படமில்லாத உறையில் வந்தது. பாடியவர் முழுமனதாக ஏற்காத பாட்டு இன்று கிட்டத்தட்ட எல்லாத் தொகுப்புகளுக்கும் முதல் பாட்டு. நல்ல பாட்டுதான், மறுக்கவில்லை. அதை வைத்து அவரை அளந்தால் மட்டும் எனக்கு வருத்தம்.

தொகுப்புகள் இப்படி ஆனதற்கு வியாபாரக் காரணங்களும் உண்டு. 1963-இல் ரிக்கி இம்பீரியலை விட்டு டெக்கா நிறுவனத்துக்குப் போனார், 20 ஆண்டு ஒப்பந்தத்தில். கையில் மிச்சமிருந்த பதிவுகளை இம்பீரியல் தொகுப்புகளாக்கி விற்றது. ‘பெஸ்ட் செல்லர்ஸ்’, ‘மில்லியன் செல்லர்ஸ்’ என்ற தலைப்புகளே அவற்றின் நோக்கத்தைச் சொல்லிவிடும். பிறகு இம்பீரியல் லிபர்ட்டிக்கும் யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸுக்கும் கைமாறியது. பழைய பாட்டுகள் ஒரு முதலாளியிடமும் பிந்தியவை இன்னொரு முதலாளியிடமும் இருந்ததால், முழு வாழ்க்கையையும் ஒரே உறைக்குள் கொண்டுவருவது நெடுங்காலம் எளிதாக இருக்கவில்லை. யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் 1971-இல் ‘லெஜண்டரி மாஸ்டர்ஸ்’ வரிசையில் கொண்டுவந்த இரட்டை எல்பிதான் அவரை ஒரு ராக்கராக மதித்த முக்கியமான தொகுப்பு. பழைய தட்டுக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

இன்னொரு காரணம் ஐரோப்பியச் சட்டம். அங்கே ஒலிப்பதிவின் உரிமைக் காலம் முன்பு 50 ஆண்டு. 2011-இல் அதை 70 ஆக உயர்த்தினார்கள். ஆனால் ஏற்கெனவே உரிமை முடிந்தவற்றுக்கு அது பொருந்தவில்லை. ஆகவே 1962 வரை வெளிவந்த பதிவுகளை அங்கே யார் வேண்டுமானாலும் தொகுத்து விற்கலாம். ரிக்கியின் நல்ல பாட்டுகளில் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்குள் விழுகிறது. மலிவுத் தொகுப்புகள் புற்றீசல்போலக் கிளம்பியது இதனால்தான். பெரும்பாலானவற்றில் யார் வாசித்தது, எந்த ஆண்டு, எந்தத் தட்டின் எந்தப் பக்கம் என்று ஒரு வரி இருக்காது. உங்களுடையதும் அந்த ரகம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். 1985-இல் ரிக்கி தன் பழைய ஹிட் பாடல்களை மறுபடி பாடிப் பதிவு செய்து ‘ஆல் மை பெஸ்ட்’ என்று வெளியிட்டார். அந்த ஆண்டு டிசம்பர் 31-இல் டெக்சாஸில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். அந்த 45 வயதுக் குரலுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் 18 வயதுப் பதிவைத் தேடுபவர் அதை வாங்கினால் ஏமாற்றமே. உறையில் ‘ரீ-ரெக்கார்டட்’ என்று பொடி எழுத்தில் எங்காவது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கையில் பணமும் மனதில் பொறுமையும் இருந்தால் ஜெர்மனியின் பேர் ஃபேமிலி நிறுவனம் 2001-இல் போட்ட ‘தி அமெரிக்கன் ட்ரீம்’ என்ற 6 சிடி பெட்டி. 1957-இன் முதல் பதிவுகள் தொடங்கி இம்பீரியல் காலம் முழுவதும் அதில் இருக்கிறது. அவ்வளவு வேண்டாம் என்றால் அதே நிறுவனத்தின் ‘ரிக்கி ராக்ஸ்’. உங்களுக்கு மறைக்கப்பட்ட பாதி மட்டும் அதில் கிடைக்கும். பிற்காலமும் வேண்டுமென்றால் கேப்பிடல் நிறுவனம் 2000-இல் வெளியிட்ட ‘லெகஸி’ என்ற 4 சிடி தொகுப்பு. 1972-இன் ‘கார்டன் பார்ட்டி’யைக் கட்டாயம் கேளுங்கள். முந்தைய ஆண்டு நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பழைய பாட்டுகளை எதிர்பார்த்து வந்த கூட்டம், நீண்ட முடியும் புதிய பாட்டுமாக வந்து நின்ற ரிக்கியை நோக்கிக் கூச்சலிட்டது. அந்த அனுபவத்திலிருந்து அவரே எழுதிய பாட்டு அது. 6-ஆம் இடம் வரை போனது.

எதுவும் வாங்காமலும் ஒரு வழி உண்டு. இணையத்தில் தேடி நீங்களே தொகுத்துக்கொள்ளுங்கள். ‘ஸ்டுட் அப்’பும் ‘வெயிட்டின் இன் ஸ்கூல்’லும் சேர்ந்த தட்டில் தொடங்கி ‘டிராவலின் மேன்’, ‘ஹலோ மேரி லூ’ வரை, தட்டுகள் வந்த வரிசையிலேயே, இரண்டு பக்கத்தையும் ஜோடி பிரிக்காமல் அடுக்குங்கள். நடுவில் ‘ரிக்கி சிங்ஸ் அகெய்ன்’ எல்பியிலிருந்து ஜானி கேஷ் எழுதிய ‘ரெஸ்ட்லெஸ் கிட்’டையும் செருகிக்கொள்ளலாம். ‘லோன்சம் டவுன்’னுக்கு அடுத்து அதன் மறுபக்கமான ‘ஐ காட் எ ஃபீலிங்’ கட்டாயம் வர வேண்டும். அப்படிக் கேட்டுவிட்டு, இவர் ராக்கபில்லி பாடகரா இல்லையா என்று நீங்களே எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்