நீண்ட அலைகளில் ஒரு வாட்: அமெச்சூர் வானொலியின் தாழ் அதிர்வெண் ஆய்வுகள்

1912ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் வானொலிச் சட்டம் ஒன்றை இயற்றியது. பொழுதுபோக்காக வானொலி நிலையம் நடத்துவோர் 200 மீட்டருக்கு மேற்பட்ட அலைநீளங்களைப் பயன்படுத்தலாகாது என்று அது விதித்தது. நெடுந்தொலைவுச் செய்திகளுக்கு நீண்ட அலைகளே ஏற்றவை என்பது அக்கால நம்பிக்கை. எனவே அவை அரசுக்கும் கப்பல்களுக்கும் வணிக நிலையங்களுக்கும் ஒதுக்கப்பட்டன. பயன் குறைந்தவை எனக் கருதப்பட்ட சிற்றலைகள் ஆர்வலர்களுக்குக் கிடைத்தன. 1923 நவம்பரில் ஏறத்தாழ 100 மீட்டர் அலைநீளத்தில் அமெரிக்காவுக்கும் பிரான்சுக்கும் இடையே இருவழித் தொடர்பு கொண்டு, அந்தக் கருத்தை அவர்கள் பொய்யாக்கினர்.

எண்பது ஆண்டுகளுக்குப் பின் நிலைமை தலைகீழாயிற்று. செயற்கைக்கோள்களும் சிற்றலையும் பெருகியதால் நீண்ட அலைகளின் வணிக முக்கியத்துவம் குறைந்தது. பிரிட்டன் 1996இல் 73 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் அமெச்சூர் ஆய்வுகளுக்கு இடமளித்தது. 2007ஆம் ஆண்டின் உலக வானொலித் தொடர்பு மாநாடு 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரையிலும், 2012ஆம் ஆண்டின் மாநாடு 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரையிலும் அமெச்சூர் பணிக்கு இரண்டாம் நிலை உரிமை வழங்கின. முன்னதில் கதிர்வீச்சுத் திறன் 1 வாட்டுக்கு மேற்படலாகாது. ஒரு சிறு கைவிளக்கின் திறனே அது. இவ்வளவு சிறிய திறனைக் கொண்டு எவ்வளவு தொலைவு செல்ல இயலும் என்பதே இத்துறையின் அடிப்படை வினா.

வான்கம்பியின் சிக்கல்

136 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 2,200 மீட்டர். முறையான கால் அலைநீளக் கம்பம் அமைக்க வேண்டுமாயின் 550 மீட்டர் உயரம் தேவை. வீட்டுத் தோட்டத்தில் நிறுத்தக்கூடியதோ 15 மீட்டர் கம்பமும், அதன் உச்சியிலிருந்து கிடையாக விரியும் சில கம்பிகளுமே.

இத்தகைய அமைப்பின் கதிர்வீச்சுத் தடை ஏறத்தாழ 0.07 ஓம். மண்ணிலும் கம்பிச்சுருளிலும் சுற்றுப்புறத்திலும் ஏற்படும் இழப்புத் தடை 70 ஓம் எனக் கொண்டால், செலுத்தப்படும் மின்திறனில் ஆயிரத்தில் ஒரு பங்கே அலையாக வெளிச் செல்கிறது. 300 வாட் செலுத்தினால் 0.3 வாட் கதிர்வீச்சு, எஞ்சியது வெப்பமாகிறது. கம்பம் அலைகளைத் தரையை ஒட்டிய திசைகளில் குவிப்பதால், விதிகளின் கணக்கில் இந்த 0.3 வாட் ஏறத்தாழ 1 வாட்டுக்குச் சமமாகிறது.

குட்டையான கம்பம் மின்தேக்கியைப் போலவே நடந்துகொள்கிறது. அதனைச் சமன் செய்ய, வாளி அளவிலான உருளையில் பல சுற்றுகளாகக் கம்பிச்சுருள் அமைக்கின்றனர். சுருளின் மேல்முனையில் 8,000 வோல்ட் வரை மின்னழுத்தம் எழக்கூடும். ஆகையால் நல்ல காப்பும் வேலியும் இன்றியமையாதவை. தரையிணைப்பைச் சீர்செய்து இழப்பைப் பாதியாகக் குறைத்தால், அதே மின்திறனில் இரு மடங்கு அலை வெளிப்படும். மண்வெட்டியும் செம்புக் கம்பியும் தரும் பயன் இது.

காலமே திறனாகிறது

திறனைக் கூட்ட வழியில்லாதபோது ஆய்வாளர்கள் காலத்தைத் துணைக்கொண்டனர். சாதாரண மோர்ஸ் தந்தியில் ஒரு புள்ளி பத்தில் ஒரு விநாடியே நீடிக்கும். ஐந்து எழுத்துச் சொல்லை 5 விநாடியில் அனுப்பலாம். புள்ளியை 3 விநாடியாக நீட்டினால் அதே சொல்லுக்கு இரண்டரை நிமிடம் பிடிக்கும். 60 விநாடியாக நீட்டினால் 50 நிமிடம். குறி மெதுவாக மாற மாற, அது அடங்கும் அலைப்பட்டை குறுகும். ஏற்பியும் அந்தக் குறுகிய பட்டையை மட்டும் கவனித்தால் போதும் என்பதால், உள்ளே புகும் இரைச்சலும் அதே விகிதத்தில் குறைகிறது. காதுக்குக் கேளாத இக்குறிகளைக் கணினித் திரை ஒளிக்கோடுகளாக வரைந்து காட்டுகிறது.

இதே கருத்தைக் கணினி நிரலாக வளர்த்தவர் ஜோசப் டெய்லர். இரட்டைத் துடிப்பு விண்மீனைக் கண்டறிந்தமைக்காக 1993இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இவர், ஓர் அமெச்சூர் வானொலியாளரும் ஆவார். 2008இல் அவர் வெளியிட்ட ‘விஸ்பர்’ முறையில், நிலையத்தின் அழைப்புக் குறி, இருப்பிடக் குறியீடு, செலுத்தும் திறன் ஆகிய மூன்றும் ஏறத்தாழ 110 விநாடிகளில் அனுப்பப்படுகின்றன. அதன் அலைப்பட்டை 6 ஹெர்ட்ஸ் மட்டுமே. இத்தகைய முறைகளால், தோட்டத்து வான்கம்பியிலிருந்து புறப்பட்ட அலைகள் குளிர்கால இரவுகளில் அட்லாண்டிக் கடலைக் கடந்து பதிவாகியிருக்கின்றன.

இரைச்சலும் அண்டை அமைப்புகளும்

தாழ் அதிர்வெண்களில் இடிமின்னலே இயற்கையின் பெரும் இரைச்சல். வெப்பமண்டல நாடுகளில் கோடையிலும் மழைக்காலத்திலும் அது மிகுதி. இதனுடன் மலிவான எல்.இ.டி. விளக்குகள், மின்னேற்றிகள், சூரிய மின்மாற்றிகள் ஆகியவற்றின் கசிவும் சேர்ந்துகொள்கிறது. இடியை ஒருவரும் தடுக்க இயலாது. கருவிகளில் முறையான வடிகட்டிகளைப் பொருத்துவது உற்பத்தியாளர் கையில் உள்ளது. அது கைவிடப்பட்டால், மாநாடுகள் வழங்கிய உரிமை ஏட்டளவிலேயே நிற்கும்.

ஆர்வலர்களுக்கும் கடமை உண்டு. உயர் அழுத்த மின்பாதைகளில் கட்டுப்பாட்டுச் செய்திகளை அனுப்ப மின்வாரியங்கள் இதே அதிர்வெண் பகுதியைப் பயன்படுத்துகின்றன. இதனால் 2017இல் இப்பட்டைகளைத் திறந்த அமெரிக்கா, அத்தகைய மின்பாதைகளிலிருந்து 1 கிலோமீட்டர் விலகியிருக்க வேண்டுமென்றும், முன்கூட்டியே அறிவிக்க வேண்டுமென்றும் நிபந்தனை விதித்தது.

இந்தியாவில் கற்பதற்கான வாய்ப்பு

இந்தியாவில் அமெச்சூர் நிலையம் அமைக்க, மத்திய அரசின் தேர்வில் தேறி உரிமம் பெறல் வேண்டும். 12 வயது நிரம்பியோர் தேர்வு எழுதலாம். எந்தப் பட்டையில் எவ்வளவு திறனில் செலுத்தலாம் என்பதை உரிமத்தின் நிபந்தனைகளே வரையறுக்கின்றன.

அலைகளை ஏற்று ஆராய்வதிலும் கற்க வேண்டியது மிகுதி. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990இல் தொடங்கப்பட்ட கடற்படையின் கட்டபொம்மன் நிலையம், நீர்மூழ்கிக் கப்பல்களுக்காக 18.2 கிலோஹெர்ட்ஸில் அலை பரப்புகிறது. அச்செய்திகளின் உட்பொருள் மறையீடு செய்யப்பட்டது. எனினும் அலையின் வலிமை ஏறி இறங்குவதிலிருந்து அயனி மண்டலத்தின் நிலையை அறியலாம். 2009 ஜூலை 22இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது, கொல்கத்தாவிலுள்ள இந்திய விண்வெளி இயற்பியல் மையம் பல இடங்களில் ஏற்பிகளை அமைத்து இந்த அலைகளை ஆராய்ந்தது. இதற்குத் தேவையான கருவி எளியது: கம்பியைப் பல சுற்றுகள் சுற்றிய ஒரு சட்டம், ஒரு சிறு பெருக்கி, ஒலி அட்டை கொண்ட ஒரு கணினி.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மாணவர் இத்தகைய ஏற்பியை அமைத்து, ஓராண்டுக்குப் பகலும் இரவும் அலையின் வலிமையைக் குறித்துவரின், சூரியன் எழும்போது அயனி மண்டலம் எவ்வாறு மாறுகிறது என்பதைத் தம் சொந்த வரைபடத்திலேயே காண்பர். விலையுயர்ந்த சாதனங்கள் இல்லாத இடத்திலும் இப்பணியைத் தொடங்கலாம். பொறுமையும் ஒழுங்கான பதிவேடும் இருந்தால் போதும்.