ஆம்புக்கும் பாக்ஸுக்கும் நடுவே எந்த ஒயர்?

சத்தம் விட்டுவிட்டு வருகிறதா? ஆம்ப் அடிக்கடி ‘புரொடெக்ட்’ விளக்கைக் காட்டி அடங்கிவிடுகிறதா? ஆம்பைக் கழற்றும் முன் ஒயரைச் சோதியுங்கள். செலவில்லாமல் தீரக்கூடிய பழுது அங்கேதான் இருக்கும்.

கித்தார் கேபிளா, ஸ்பீக்கர் கேபிளா?

இரண்டிலும் 6.35 மி.மீ. ஜாக்தான்; வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஜாக்கின் மூடியைத் திருகிக் கழற்றுங்கள். நடுவில் மெல்லிய ஒற்றைக் கம்பி, சுற்றிலும் வலைபோன்ற ஷீல்டு என்றால் அது கித்தார் கேபிள். சம தடிமனில் இரண்டு கம்பிகள் என்றால் ஸ்பீக்கர் கேபிள்.

4 ஓம் பாக்ஸுக்கு 100 வாட் போகும்போது ஓடுவது 5 ஆம்பியர். கித்தார் கேபிளின் நடுக்கம்பி அதற்கானதல்ல. சூடேறி உறை இளகினால் கம்பி ஷீல்டைத் தொட்டு ஷார்ட் ஆகும். ஸ்பீக்கர் கேபிளைக் கித்தாரில் மாட்டினால் இரைச்சல் மட்டுமே வரும், எதுவும் எரியாது.

ஜாக்கா, ஸ்பீக்கானா?

ஜாக் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் ஆம்ப் ஓடும்போது பிடுங்கினால் நொடிநேரம் ஷார்ட் ஆகக்கூடும். கால் இடறினாலே கழன்றும் விடும். நியூட்ரிக் நிறுவனத்தின் ஸ்பீக்கான் திருகினால் பூட்டிக்கொள்ளும், அதன் முனைகள் வெளியே தெரியாது. இரண்டு சாக்கெட்டும் இருந்தால் தயங்காமல் ஸ்பீக்கானையே எடுங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. நான்கு முனை ஸ்பீக்கானில் 1+, 1−, 2+, 2− என்று குறித்திருக்கும். சாதாரண பாக்ஸ் 1+, 1− முனைகளில் இயங்கும். பல ஆம்புகளில் ‘பிரிட்ஜ்’ வெளியீடு 1+, 2+ முனைகளில் வரும். அங்கே சாதாரண இரட்டைக் கம்பி கேபிளை மாட்டினால் பாக்ஸ் சரியாக வேலை செய்யாது. ஆம்பின் பின்பக்கப் படத்தைப் பார்த்து மாட்டுங்கள்.

வீட்டு மின்சாரத்துக்கான பிளக்கை மட்டும் ஸ்பீக்கர் ஒயரில் போடாதீர்கள். யாராவது சுவர் சாக்கெட்டில் செருகிவிட்டால் 230 வோல்ட் நேராக ஸ்பீக்கருக்குப் போகும்.

1.5-ஆ, 2.5-ஆ?

10 மீட்டர் தூரத்துக்கு, போய்வரும் இரு கம்பிகளையும் சேர்த்தால், 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியின் தடை ஏறத்தாழ 0.23 ஓம், 2.5-இல் 0.14. பாக்ஸ் 4 ஓம் என்றால் முதல் ஒயர் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் சக்தியைத் தின்றுவிடும். இரண்டு மூன்று மீட்டருக்கு 1.5 போதும், மேடையின் இரு ஓரங்களுக்கு ஒயர் இழுக்க 2.5 வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பி விலை குறைவு, ஆனால் தடை அதிகம், மடங்கினால் சீக்கிரம் முறியும்.

இரண்டு பாக்ஸ் மாட்டினால்?

ஒரு பாக்ஸிலிருந்து இன்னொன்றுக்கு ஒயர் கொடுத்தால் அது பெரும்பாலும் பேரலல் இணைப்பு. இரண்டு 8 ஓம் சேர்ந்து 4 ஓம்; மூன்று சேர்ந்தால் 2.67. ஆம்பில் ‘குறைந்தது 4 ஓம்’ என்றிருந்தால் மூன்றாவது பாக்ஸ் வேண்டாம். சீரிஸில் இரண்டு 8 ஓம் சேர்ந்தால் 16. ஆபத்தில்லை, டிரான்சிஸ்டர் ஆம்பில் சத்தம்தான் குறையும்.

இரண்டு பாக்ஸும் ஓடியும் பேஸ் மெலிந்து கேட்டால், ஒன்றில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கலாம்.

சோதிக்கும் வரிசை

ஆம்பை அணையுங்கள். ஒயரின் ஒரு முனை பாக்ஸில் இருக்கட்டும். ஆம்ப் பக்க முனையைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 8 ஓம் பாக்ஸ் 6 ஓம் அளவில் காட்டினால் நல்லது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். எதுவுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. ஒயரை ஆட்டும்போது எண் துள்ளினால் ஜாக்கின் சால்டரிங்கைப் பாருங்கள். பிறகு ஒயரை மட்டும் மாற்றி மறுபடி அளந்தால், குற்றம் ஒயரிலா பாக்ஸிலா என்பது தெரிந்துவிடும்.

வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் பாக்ஸ் இல்லாமல் ஆம்பை ஓட்டக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். டிரான்சிஸ்டர் ஆம்புக்கு ஷார்ட்தான் எமன்.